குனிஞ்ச தலையை யாரு நிமிர்த்துறது

கசமியாங்கறது ஜப்பான்ல எங்க ஊர்ல இருந்த பல மாடிக் கடை. அது தொறக்கிற நேரத்துக்கு நீங்க ஒரு தடவையாச்சும் போயிருக்கணும். பெரிய இடத்துக் கல்யாணத்துல நுழைஞ்ச மாதிரி இருக்கும். கண்ணாடிக் கதவு ரெண்டா பிரியும், மேலேருந்து மெல்லிசா பாட்டு வரும், வாசல்லேருந்து நகரும் படிக்கட்டு வரைக்கும் நாங்க பொம்பளைங்க அவங்கவங்க கவுண்டர் முன்னால வரிசையா நிப்போம். வந்தவங்க நம்ம கவுண்டருக்கு நேரா வந்ததும் 'வாங்க'ன்னு சொல்லி இடுப்பை மடிச்சுக் குனியணும்.

குனியறது பெரிய வித்தை இல்ல. எப்ப நிமிரணும்ங்கறதுதான் வித்தை. தலை கீழ இருக்கறப்ப ஆளு நிக்கிறாங்களா போயிட்டாங்களான்னு நமக்குத் தெரியாது, எட்டிப் பாக்கறதும் மரியாதை இல்ல. அதனால காதை வச்சுக்கணும். பக்கத்து கவுண்டர்காரி 'வாங்க'ன்னு சொல்லிட்டாளா, அப்ப ஆளு நம்மளைத் தாண்டியாச்சு, நிமிரலாம். அவ அடுத்தவ சொல்ற வரைக்கும் குனிஞ்சிருப்பா. அப்படியே கடைசி வரைக்கும் அலை மாதிரி போகும். கடைசில படிக்கட்டு கிட்ட வெள்ளைக் கையுறை போட்ட ஒரு பொண்ணு நிக்கும், அது 'மேல வாங்க'ன்னு சொன்னா வரிசை முடிஞ்சது.

இதை எதுக்கு இவ்வளவு நீட்டி முழக்கறேன்னா, இது புரிஞ்சாத்தான் மத்தது புரியும்.

நான் கசமியா ஆளு இல்ல. யோகோஹாமால இருக்கிற ஒரு கைக்குட்டைக் கம்பெனி அனுப்பின ஆளு. அங்க நின்னவங்கள்ல முக்காவாசிப் பேர் அப்படித்தான். உடுப்பு கடையோடது, நெஞ்சுல குத்தற பேட்ஜ் கடையோடது, சம்பளம் மட்டும் அவங்கவங்க கம்பெனி. சாமானும் அதே கதைதான். ஒரு கைக்குட்டை விக்கிற வரைக்கும் அது எங்க கம்பெனியோடது, வித்தாத்தான் கடைக்கு. அப்ப கடைக்குன்னு சொந்தமா என்னதான் இருந்துச்சுன்னு கேட்டா, கட்டடம் இருந்துச்சு, பேரு இருந்துச்சு, அப்புறம் கீழ்த்தளத்தைப் பாத்துக்கற எங்க குவபரா இருந்தாரு, மரியாதையா குவபரா-சான்னு சொல்லுவோம். ஒல்லியா, எப்பவும் தலையை ஒரு பக்கமா சாய்ச்சுக்கிட்டு, யாரோ கூப்பிட்டுக்கிட்டே இருக்கற மாதிரி ஒரு மனுஷன்.

என் பக்கத்து கவுண்டர் ஷினோ-சான். குடைக் கவுண்டர். அவங்க கம்பெனி அனுப்பின ஆளு இல்ல, அவங்கதான் கம்பெனியே. வீட்டுக்காரர் போனதுக்கப்புறம் மாமியாரும் இவங்களுமா இன்னும் ரெண்டு பொம்பளைங்களை வச்சுக்கிட்டு பனிக்காலம் பூரா உக்காந்து கம்பி கட்டி, துணி தைச்சு, கைப்பிடி மாட்டி குடை பண்ணுவாங்க. ஜூன் மாசம் மழைக்காலம் ஆரம்பிக்கறதுக்குள்ள அத்தனையும் கசமியாவுக்கு வந்துரும். கவுண்டர்ல கொஞ்சம், மாடி சரக்கறையில மிச்சம். வீட்டுக்காரர் தவறின வருஷம் கடைக்காரங்க எல்லாம் 'பொம்பளை கம்பெனி'ன்னு யோசிச்சப்ப, வாசல் பக்கமா நல்ல இடம் குடுத்தவரு குவபரா-சான்தான். அதை ஷினோ-சான் மறக்கவே இல்ல. மறந்திருந்தா இந்தக் கதையே இல்ல.

அட, மழைப் பாட்டை விட்டுட்டேன் பாருங்க. கீழ்த்தளத்துக்கு ஜன்னல் கிடையாது, வெளிய மழையா வெயிலான்னு தெரியாது. அதனால மொட்டை மாடி பக்கத்து ஒலிபெருக்கி அறையில ஒருத்தர் இருப்பாரு, தூறல் விழுந்ததும் ஒரு பியானோ மெட்டு போடுவாரு. வாங்க வந்தவங்களுக்கு அது வெறும் பாட்டு. எங்களுக்குத்தான் அர்த்தம். நாங்க காகிதப் பைக்கு மேல பிளாஸ்டிக் உறை மாட்டணும், ஷினோ-சான் குடை ஸ்டாண்டை முன்னால தள்ளணும். அது கடை விதி, புஸ்தகத்துலயே போட்டிருக்கும்.

சரி. கசமியாவுக்கு மொத்தம் மூணு ஊர்ல கடை இருந்துச்சு. மலைப்பக்கத்துக் கடையை ஒரு வருஷம் மூடினாங்க. அடுத்த வருஷம் ஆத்தங்கரைக் கடை. எங்களுது தலைமைக் கடை, இதுக்கு ஒண்ணும் ஆகாதுன்னாங்க. அப்புறம் படிக்கட்டு கிட்ட நின்ன வெள்ளைக் கையுறைப் பொண்ணை நிறுத்தினாங்க. மாடியில பாட்டுப் போடற ஆளையும் நிறுத்தினாங்க. கோடையில தெரிஞ்சவங்களுக்கெல்லாம் பரிசு அனுப்பற சமயத்துல வருஷா வருஷம் ஆறாவது மாடி பூரா சேமியா டப்பா, எண்ணெய் டப்பா, பீர்னு அடுக்கி வைப்பாங்க, அந்த வருஷம் அந்த மாடிக்கு விளக்கே போடலை. பரிசுச் சாமான் கம்பெனிங்க எதுவும் சரக்கு அனுப்ப மாட்டேன்னுட்டாங்களாம்.

சாப்பாட்டு அறையில நாங்க சோத்து உருண்டையைப் பிரிச்சு வச்சுக்கிட்டு இதையேதான் பேசுவோம். உங்க கம்பெனி என்ன சொல்லுதுன்னு தொப்பிக் கவுண்டர்காரி கேட்டா. மேக்கப் கவுண்டர் ஹருயோ ஒரு வாய்க்காரி, அவ சொன்னா, "எங்க கம்பெனி உங்க கம்பெனி என்ன சொல்லுதுன்னு கேட்டுட்டு வரச் சொல்லுது"ன்னு. எல்லாரும் சிரிச்சோம். சிரிச்சுட்டு ஒருத்தி மூஞ்சியை ஒருத்தி பாத்தோம். ஏன்னா எல்லாருக்கும் அதே உத்தரவுதான் வந்திருந்துச்சு.

மே மாசக் கடைசில ஒரு காலைல, நல்ல வெயில், கதவு பிரிஞ்சுச்சு. யாரும் வரலை. அது ஒண்ணும் புதுசு இல்ல, அந்த வருஷம் கூட்டமே கிடையாது. ஆனா வாசலோரம் நின்ன ஹருயோ 'வாங்க'ன்னு குனிஞ்சுட்டா.

நான் என்ன பண்ணுவேன் சொல்லுங்க. அவ குனிஞ்சா நான் குனியணும். நான் மரம் மாதிரி நின்னு, நிஜமாவே யாராச்சும் வந்திருந்தா அசிங்கமில்லையா. குனிஞ்சேன். எனக்கு அடுத்து ஷினோ-சான் குரல் வந்துச்சு, நிமிர்ந்தேன். அப்புறம் சால்வைக் கவுண்டர் சயோ. அப்புறம் கைப்பைக் கவுண்டர். அப்புறம் தொப்பி. வரிசை பூரா அலை போயிருச்சு. நடு வழியில ஆளே இல்ல.

ஹருயோவைக் கேட்டா, காத்துல கதவு தொறந்திருக்கும் போல, பழக்க தோஷம், உடம்பு தானா மடிஞ்சிருச்சுங்கறா. சிரிச்சுட்டு வேலையைப் பாக்கப் போயிட்டோம். கொஞ்ச நேரம் கழிச்சு சயோதான் என் கையைத் தட்டிக் காமிச்சா. தொப்பிக் கவுண்டர்காரி இன்னும் குனிஞ்சே நின்னா.

அவளுக்கு அந்தப் பக்கம் யாரும் இல்லையே. வெள்ளைக் கையுறைப் பொண்ணு போயாச்சு. 'மேல வாங்க'ன்னு சொல்ல ஆளில்ல. மத்த நாள்ல காலடிச் சத்தத்தை வச்சு நிமிர்ந்துக்குவா, அன்னிக்கு சத்தம் இல்ல. குவபரா-சான் போய் தோளைத் தொட்டாரு. அவ நிமிர்ந்து, மூஞ்சி பூரா ரத்தம் இறங்கிச் சிவந்து போய், "தாண்டவே இல்லீங்க. என் முன்னாலயே நிக்கிறாங்க, தொப்பியைப் பாத்துக்கிட்டு"ன்னா.

மறுநாள் தொப்பிக் கம்பெனி லாரி வந்துச்சு. கம்பெனில முன்னாடியே முடிவு பண்ணிட்டாங்கன்னு சொன்னாங்க. இருக்கலாம்.

குவபரா-சான் எங்களைக் கூப்பிட்டு, ஆளு வந்தா மட்டும் குனிஞ்சா போதும்னு தன்மையாத்தான் சொன்னாரு. எல்லாரும் தலையாட்டினோம். அடுத்த காலைல கதவு பிரிஞ்சுச்சு, ஆளில்ல, ஹருயோ குனிஞ்சா. மாட்டேன்னுதான் நெனச்சேன், ஆனா என்னை இழுத்துக் குனிய வச்ச மாதிரி இருந்துச்சுங்கறா. அவ குனிஞ்சா நான். நான் குனிஞ்சா ஷினோ-சான். இந்தத் தடவை கைப்பைக் கவுண்டர்காரி மாட்டிக்கிட்டா, அவளுக்கு அந்தப் பக்கம் தொப்பி இல்லையே. எழுப்பினதும் அவளும் அதையேதான் சொன்னா, தாண்டலைன்னு. அந்த வாரமே கைப்பைக் கம்பெனி சரக்கை எடுத்துக்கிச்சு.

இப்ப நீங்களே பாருங்க, உள்ளேருந்து வாசல் பக்கமா ஒவ்வொரு கவுண்டரா காலி ஆகுது. வெள்ளைத் துணி போட்டு மூடின மேஜை ஒண்ணு, ரெண்டுன்னு கூடிக்கிட்டே வருது. கம்பெனிக்காரங்களுக்கும் விஷயம் எட்டிருச்சு. யாரும் பேய்னு சொல்லலை. அந்தக் கடை நிலைமை சரியில்லைன்னு கேள்விப்பட்டோம்னு நாசூக்காத்தான் சொன்னாங்க. அவன் எடுத்துட்டான்னு இவன் எடுத்தான், இவன் எடுத்தான்னு அடுத்தவன். நாங்க குனிஞ்ச மாதிரியேதான்.

சயோவோட முறை வந்த அன்னிக்கு அவ அழுதுட்டா. குனிஞ்சிருந்தப்ப தரையில தண்ணி சொட்டினதைப் பாத்தாளாம். ஒரு சொட்டு, அப்புறம் இன்னொரு சொட்டு. செருப்போ காலோ எதுவும் தெரியலை, தண்ணி மட்டும். வெளிய வெயில் கொளுத்துது. நான் போய் தரையைத் தொட்டுப் பாத்தேன். ஈரமாத்தான் இருந்துச்சு. குழாய் ஒழுகுதோ என்னவோன்னு அவளைச் சமாதானம் பண்ணினேன், ஈரக் கையை உடுப்புல துடைச்சுக்கிட்டே.

சால்வையும் போச்சு. அடுத்தது ஷினோ-சான்.

அன்னிக்கு மத்தியானம் சாப்பாட்டு அறையில அவங்களைப் பிடிச்சுக்கிட்டேன். நான் ஒரு பெரிய கம்பெனிக்கு நிக்கிற ஆளு, கைக்குட்டை மாட்டிக்கிட்டா யோகோஹாமாவுல ஒருத்தன் பெருமூச்சு விடுவான், அவ்வளவுதான். அவங்களுக்கு அப்படியா? கடை திடீர்னு மூடிட்டா கோர்ட்டு சீல் வைக்கும். யாரோடது எதுன்னு பிரிச்சுத் தர்றதுக்குள்ள மழைக்காலம் போயிரும். மழை போனப்புறம் குடையை வச்சுக்கிட்டு என்ன பண்றது, பனிக்காலம் பூரா நாலு பேர் உழைச்ச உழைப்பு. பட்டறையே படுத்துரும். இதெல்லாம் அவங்களுக்குத் தெரியாதான்னா தெரியும். என்னை விட நல்லாத் தெரியும்.

குவபரா-சான் அவங்ககிட்ட வந்து கேட்டிருக்காரு. மழைக்காலம் முடியற வரைக்கும் இருங்க, குடையும் போயிட்டா கீழ்த்தளத்துக்கு வர்றவன் இந்தக் கடை செத்துருச்சுன்னு முடிவே பண்ணிருவான்னு.

"அவரைத் தவிர வேற யாரு கேட்டிருந்தாலும் எடுத்துட்டுப் போயிருப்பேன் தொக்கியே-சான்"ன்னாங்க.

"அவரு நல்லவருதாங்க. கடை நல்லதா இல்லையே."

"எனக்கு கடைன்னா அவருதான்."

டீயை ஊத்திக் குடுத்தேன். ரெண்டு பேரும் அந்த வருஷத்து உமேங்கற புளிப்புக் காயை ஊறுகாய்க்கு உப்புப் போட்டாச்சா இல்லையான்னு வேற பேச்சு பேசினோம். ஆனா அவங்க கை டம்ளரை விட்டு நகரவே இல்ல.

மறுநாள் காலைல ஹருயோ என்னைப் பாத்து தலையாட்டினா, இன்னிக்கு என்ன ஆனாலும் குனிய மாட்டேன்ங்கற மாதிரி. கதவு பிரிஞ்சுச்சு. வாசல் வெயில் பளீர்னு உள்ள வந்து விழுந்துச்சு, யாரும் இல்ல. ஹருயோ குனிஞ்சா. நான் குனிஞ்சேன். என் பின்கழுத்துல குளிர்ச்சியா ஒரு காத்து, மழையில நனைஞ்சு வந்தவங்க பக்கத்துல நின்னா வருமே ஈரத்துணி வாசனை, அது. பக்கத்துல ஷினோ-சான் 'வாங்க'ன்னாங்க. நான் நிமிர்ந்தேன்.

அவங்களுக்கு அந்தப் பக்கம் வெறும் வெள்ளைத் துணி. அவங்க குனிஞ்சே இருந்தாங்க. குவபரா-சானைக் காணோம், அவருதான் எப்பவும் தோளைத் தொட்டு எழுப்பறவரு. நான் போய் எழுப்பலாம்னு ஒரு அடி வச்சேன். அப்பத்தான் மேலேருந்து மழைப் பாட்டு வந்துச்சு.

வெயில் அடிச்சுக்கிட்டிருக்கு, மழைப் பாட்டு ஓடுது.

ஷினோ-சான் தானா நிமிர்ந்தாங்க. அப்படி யாருமே நிமிர்ந்ததில்ல. எதிர்ல யாரோட மூஞ்சியையோ பாக்கற மாதிரி ஒரு உயரத்துல பாத்தாங்க. அப்புறம் எல்லா நாளும் எல்லாருக்கும் சொல்ற அதே குரல்ல, "நல்லா நனைஞ்சு போயிட்டீங்களே"ன்னாங்க. ஸ்டாண்டுலேருந்து கருநீலக் குடை ஒண்ணை எடுத்து, ரெண்டு கையாலயும் நீட்டினாங்க.

நான் பாத்ததைத்தான் சொல்றேன், நம்பறதும் நம்பாததும் உங்க இஷ்டம். அவங்க கை காலியா இருந்துச்சு. குடை கீழ விழுந்த சத்தம் கேக்கலை.

அவங்க மறுபடி குனிஞ்சாங்க, இந்தத் தடவை வாசல் பக்கமா திரும்பி. போறவங்களுக்குக் குனியற குனிவு. நானும் குனிஞ்சேன். எனக்கு அப்புறம் ஹருயோ. கதவு பிரியற சத்தம் கேட்டுச்சு, மூடற சத்தம் கேட்டுச்சு. ஹருயோ 'போயிட்டு வாங்க'ன்னு சொன்னது இன்னும் என் காதுல இருக்கு, பாதி குரல்தான் வந்துச்சு அவளுக்கு.

ஷினோ-சான் ஏப்ரனைக் கழட்டி மடிச்சாங்க. "வந்தவங்க போயாச்சு தொக்கியே-சான். நானும் கிளம்பறேன்."

குவபரா-சான் அப்பத்தான் பின்படி வழியா இறங்கி வந்தாரு, மூஞ்சி சுண்ணாம்பு மாதிரி. ஷினோ-சான் நேரா அவருகிட்ட போய், மன்னிக்கணும், இன்னிக்கே சரக்கை எடுத்துக்கறேன்னாங்க. எடுக்கறதுன்னா லேசு இல்ல. சரக்கு பின்வாசல் வழியாத்தான் போகணும், தலைமை ஆபீஸ் முத்திரை இல்லாம காவல்காரன் விட மாட்டான், அன்னிக்கு அந்த ஆபீஸ்ல யாருமே போனை எடுக்கலை. குவபரா-சான் தலையைச் சாய்ச்சு மேல பாத்தாரு. மேல பாட்டு இன்னும் ஓடிக்கிட்டிருந்துச்சு.

அவரு சொன்னாரு, "மழைப் பாட்டு போட்டா குடையை முன்னால கொண்டு போகணும். விதி. எவ்வளவு முன்னாலன்னு விதியில இல்ல."

சொல்லிட்டு அவரே கோட்டைக் கழட்டிப் போட்டுட்டு குடை ஸ்டாண்டைத் தள்ள ஆரம்பிச்சாரு. கவுண்டரைத் தாண்டி, ஹருயோவைத் தாண்டி, கண்ணாடிக் கதவைத் தாண்டி நடைபாதைக்கு. அங்க ஷினோ-சானோட வண்டி வந்து நின்னுச்சு. மாடி சரக்கறையிலேருந்து பெட்டி பெட்டியா 'முன்னால' கொண்டு வந்தோம். நானும் தூக்கினேன், ஹருயோ அந்த நீள நெகத்தை வச்சுக்கிட்டு அவளும் தூக்கினா. தெருவுல போறவங்க வெயில்ல குடையை ஏத்தறாங்களேன்னு பாத்தாங்க. காவல்காரர் பின்வாசல்ல சமத்தா உக்காந்திருந்தாரு, பின்வாசல் வழியா ஒண்ணும் போகலையே. கடைசிப் பெட்டி ஏறினதும்தான் பாட்டு நின்னுச்சு.

வண்டி கிளம்பறப்ப குவபரா-சான் நடைபாதையில நின்னு குனிஞ்சாரு. வண்டி முனை திரும்பற வரைக்கும் நிமிரலை.

மறுநாள் காலைல நாங்க போனப்ப ஷட்டர் ஏறலை. ஒரு காகிதம் ஒட்டியிருந்துச்சு, முத்திரையோட. மாட்டிக்கிட்டவங்க நெறைய பேர். மாடியில சரக்கு வச்சிருந்த பாத்திரக்காரர் அந்தக் காகிதத்துக்கு முன்னாலயே தரையில உக்காந்துட்டாரு. எங்க கைக்குட்டையும் உள்ளதான். அந்த வருஷம் மழை வெளுத்து வாங்குச்சு, ஷினோ-சான் குடையெல்லாம் ரயில்வே ஸ்டேஷன் கடைங்கள்லயும் நீகதா பக்கமும் வித்துப் போச்சு. பட்டறை பிழைச்சுச்சு.

குவபரா-சானுக்கு முன்னாடியே தெரிஞ்சிருக்குன்னு ஷினோ-சான் எங்ககிட்ட சொன்னாங்க. வெளிய சொல்லக் கூடாதுன்னு மேலிடத்துல வாயைக் கட்டிட்டாங்க, அதனாலதான் பாட்டுப் போட்டு எனக்குத் தெரியப்படுத்தினாருன்னு. அந்த வருஷத்துலேருந்து ஒவ்வொரு வருஷமும் முதல் குடை அவரு வீட்டுக்குத்தான் போகும். எனக்கும் அது சரின்னுதான் பட்டுச்சு.

இலையெல்லாம் சிவந்ததுக்கப்புறம் ஒரு நாள் வக்கீலுங்க கடையைத் தொறந்து, வந்து அவங்கவங்க சரக்கை எடுத்துக்கங்கன்னாங்க. எது யாரோடதுன்னு காட்ட குவபரா-சானைக் கூப்பிட்டிருந்தாங்க. வக்கீலுங்க மாடியில இருந்தாங்க, கீழ நானும் அவரும்தான். கரண்ட் இல்ல. பாதி ஏத்தின ஷட்டருக்கு அடியில வந்த வெளிச்சத்துல நான் கைக்குட்டைகளை அடுக்கினேன், எல்லாத்துலயும் தூசு. நீங்க மழைப் பாட்டு போட்டது பெரிய புண்ணியம்னேன்.

அவரு தலை சாய்ஞ்சது. "நான் போடலை."

நான் அடுக்கறதை நிறுத்திட்டேன்.

"போடணும்னுதான் போனேன். காலைல போன்ல சொல்லிட்டாங்க, நாளைக்கு மூடறோம், யாருக்கும் மூச்சு விடக் கூடாதுன்னு. எனக்கு ஷினோ-சான் ஞாபகம்தான். சாவியை எடுத்துக்கிட்டு மாடி ஏறினேன். கதவு முன்னால நின்னேன். சாவியைப் போடவே இல்ல தொக்கியே-சான், பாட்டு ஆரம்பிச்சிருச்சு."

உள்ள யாராச்சும் இருந்திருப்பாங்கன்னேன்.

"அந்த அறைக்கு கரண்டை எடுத்து ஒரு மாசம் ஆயிருந்துச்சு. நான்தான் எடுக்கச் சொன்னது." அப்புறம், "ஷினோ-சானுக்கு சொல்லாதீங்க. நன்றின்னு ஒரு குடை அனுப்பியிருக்காங்க, திருப்பி அனுப்ப மனசு வரலை"ன்னாரு.

நான் ஏதோ சொல்ல வாயெடுத்தேன். அப்ப ஷட்டருக்கு அந்தப் பக்கம், வாசல் மிதியடி மேல, யாரோ குடையை உதறற சத்தம் கேட்டுச்சு. படபடன்னு, நல்ல துணி, நல்ல கம்பி, எனக்குத் தெரியாதா அந்தச் சத்தம். தெருவுல மழை இல்ல. நீளமா வெயில் விழுந்து கிடந்துச்சு.

கரண்ட் இல்லாத கண்ணாடிக் கதவு ரெண்டா பிரிஞ்சுச்சு.

வாசல் பக்கம் நின்னவரு குவபரா-சான். அவரு 'வாங்க'ன்னு குனிஞ்சாரு. அவரு குனிஞ்சா நான் குனியாம எப்படி? குனிஞ்சேன். எனக்கு அடுத்து ஷினோ-சான் இல்ல, சயோ இல்ல, யாருமே இல்ல. என் கண்ணுக்கு முன்னால தூசு படிஞ்ச தரை மட்டும் தெரிஞ்சுச்சு. அதுல ஒரு சொட்டு விழுந்துச்சு.